கொம்பும் காலும்

அச்சகத்திலிருந்து ஒரு டிஸ்க் வந்திருக்கிறது என்று காதில் விழுந்ததுமே ரேடியோ இருக்கையை விட்டு எழுந்துவிட்டாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சின்னப் பெட்டிதான். ஆனால் அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் இருந்தன. நாவல், வரலாறு, குழந்தை வைத்தியம், தேனீ வளர்ப்பு, மோட்டார் பழுது பார்ப்பது என்று அந்த அச்சகம் பதினெட்டு வருஷங்களில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள் அத்தனையும். கண் தெரியாதவர்கள் கேட்டுப் படிக்கட்டும் என்று உரிமையாளர் ஒரு வரிக் கடிதத்துடன் நூலகத்துக்கு இலவசமாக அனுப்பி வைத்திருந்தார்.

ரேடியோ என்பது அண்ணன் வைத்த பட்டப்பெயர். பிறவியிலேயே அவளுக்குப் பார்வை இல்லை. காதில் விழுந்ததை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லுவாள். நாலு வயதில் பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையை இரண்டு குரலிலும் பேசிக்காட்டி, அதுவும் அவர்களே இவள் வீட்டுக்கு வந்திருந்த நேரமாகப் பார்த்துப் பேசிக்காட்டி, அப்பாவைத் தலைகுனிய வைத்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் முப்பத்தொரு வயதாகியும் உதிரவில்லை. நூலகத்தில் எல்லாருக்கும் அவள் ரேடியோதான். அங்கே ஒலிப்பிரிவின் கணினிகள் அவள் பொறுப்பு. திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு, கல்லூரியில் படித்த பைத்தான் மொழியில் நூலகத்துக்கு வேண்டிய சின்னச் சின்ன நிரல்களை எழுதித் தருவாள்.

டிஸ்க்கைச் செருகினாள். முதல் கோப்பைத் திறந்தாள். கவுண்டரில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் அக்காவும் ஆசையாக வந்து பின்னால் நின்றுகொண்டாள்.

"ஓ மேல் இரட்டைப் புள்ளி. தலைகீழ்க் கேள்விக்குறி. பவுண்டு. கால் பின்னம். ஓ மேல் இரட்டைப் புள்ளி. பதிப்புரிமைக் குறி," என்று படித்தது திரைவாசிப்பான்.

"என்ன பாஷை இது?" என்றாள் கவுண்டர் அக்கா.

"தமிழ்தான்க்கா. வேஷம் போட்டுக்கிட்டு வந்திருக்கு."

நடந்தது இதுதான். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இன்றைக்கு உலகம் முழுக்க 'க' என்றால் ஒரே எண். அந்தப் பொது ஏற்பாட்டுக்கு யூனிகோடு என்று பெயர். அந்த ஏற்பாடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு அச்சகமும் தன் இஷ்டத்துக்கு எண் கொடுத்துக்கொண்டது. ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் உருவங்களை உட்காரவைத்து ஒரு எழுத்துருவைச் செய்துகொண்டார்கள். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் திரையில் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் கண்ட கண்ட குறிகள் தெரியும். எழுத்துரு இருந்தாலும் திரைவாசிப்பானுக்குப் பிரயோஜனமில்லை. அது உருவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் படிக்கிறது.

தலைமை நூலகர் மறுநாளே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காரரை வரவழைத்தார். அவர் கோப்புகளைப் பார்த்தார். தன் கணினியில் எழுத்துருவை ஏற்றினார். இரண்டு மூன்று தடவை 'ம்' கொட்டினார்.

"மாத்திடலாம் மேடம். எங்க ஆளுங்க அஞ்சு பேர் உக்காந்தா ஒரு மாசத்துல முடியும். எழுத்துரு அட்டவணையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு உருவமா ஒப்பிட்டுப் பாக்கணும்."

"இதை எங்க ரேடியோவால செய்ய முடியாதா? நல்லா நிரல் எழுதுவாங்க."

அவர் குரல் இறங்கியது. ரேடியோ மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் அடுத்த அறையில் இருப்பவளைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க மேடம். இது எழுத்தைக் கண்ணால பாத்துப் பாத்துச் செய்யற வேலை. பாக்கறவங்கதான் செய்ய முடியும்."

ரேடியோவுக்குச் சுருக்கென்றது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணம் என்றால் ஒரு வாய் திட்டிவிட்டுப் போகலாம். பரிதாபத்தை என்ன செய்வது?

"மேடம், அவங்களும் செய்யட்டும். எனக்கும் அந்த ஒரு மாசத்தைக் குடுங்க," என்றாள். "யாரோடது நல்லா இருக்கோ அதை வெச்சுக்கலாம்."

நூலகர் நாட்காட்டியைப் புரட்டினார். பிறகு, "சரி, ரெண்டு பேருமே மாதிரி கொண்டு வாங்க. நூலகக் குழு பாத்து முடிவு பண்ணட்டும்," என்றார்.

எழுத்துரு அட்டவணை அவளுக்கு உதவாது. அதற்கு மாற்றாக அவள் கையில் ஒரு புத்தகம் இருந்தது. டிஸ்க்கில் இருந்த தேனீ வளர்ப்புக் கையேட்டை ஒலிப்பிரிவில் யாரோ ஏற்கெனவே யூனிகோடில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். ஒரே புத்தகம், ஒருபக்கம் புரியாத எண்கள், மறுபக்கம் நல்ல தமிழ். இரண்டையும் சொல்லுக்குச் சொல் எதிரெதிரே நிறுத்தி, எந்த எண் எந்த எழுத்தோடு சேர்ந்து சேர்ந்து வருகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லி ஒரு நிரல் எழுதினாள். முதல் நாள் மதியத்துக்குள் நாற்பது எழுத்துகள் பிடிபட்டன. இரண்டாம் நாள் நூறு. 'தேனீ' என்ற சொல் பக்கத்துக்குப் பத்துத் தடவை வந்ததற்கு அந்த ஆசிரியரை மனதார வாழ்த்தினாள்.

மூன்றாம் நாள் முட்டி நின்றது. 214 என்று ஒரு எண். 'கெ' வரும் இடத்தில் அது வந்தது, 'பெ' வரும் இடத்திலும் வந்தது, 'கொ', 'பொ' வரும் இடங்களிலும் வந்தது. எகர ஓசைக்கு உரியது என்று வைத்துக்கொண்டாலும் அது நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. 'கெ' என்றால் ககரம் முதலில், எகரம் அடுத்து. வாயில் அப்படித்தான் வருகிறது, அவள் படித்து வளர்ந்த பிரெயிலிலும் அப்படித்தான், யூனிகோடிலும் அதே வரிசைதான். இந்தக் கோப்பிலோ 214 முந்திக்கொண்டு முன்னால் நின்றது. 'கொ'வுக்கு வந்தால் இன்னும் மோசம்: முன்னால் ஒரு 214, நடுவில் ககரம், பின்னால் 163. கோப்பே கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகப்பட்டு மூன்று தடவை டிஸ்க்கிலிருந்து புதிதாக நகலெடுத்தாள். மூன்று தடவையும் அதே கதை.

அண்ணனின் பட்டறை நூலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. கடைகளின் பெயர்ப்பலகைக்குத் தகட்டில் எழுத்து வெட்டிக் கொடுப்பது அவன் தொழில். மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போனபோது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, உம்முனு இருக்கே?" என்றான்.

"அண்ணா, 'கொ'ன்னு எழுத எத்தனை எழுத்து வேணும்?"

"ஒரு எழுத்துதான். ஆனா மூணு துண்டு வெட்டணும்."

அவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "மூணு துண்டா?"

"இரு, காட்டறேன்." பொம்மைக் கடை ஒன்றுக்காக வெட்டி வைத்திருந்த தகடுகளை அவன் மேஜை மேல் வரிசையாக அடுக்கினான். அவள் விரலைப் பிடித்து முதல் துண்டின் மேல் வைத்தான். கீழே ஒரு சுழி, மேலே ஏறி வளைந்து, பிறகு நேராக இறங்கியது. "இது கொம்பு. அடுத்தது 'ப'. தொட்டியாட்டம் இருக்கா? அதுக்கு அப்புறம் இது கால். மூணும் சேந்தா 'பொ'."

"கொம்பு முன்னாடியா நிக்கும்?"

"பின்ன? கொம்பு முன்னாடி, கால் பின்னாடி. 'பெ'ன்னா கால் வேணாம். 'பா'ன்னா கொம்பு வேணாம்."

"நாம 'ப'வைத்தானே முதல்ல சொல்றோம்?"

அண்ணன் யோசித்தான். இருபது வருஷமாக எழுத்து வெட்டுகிறவன், இப்படி ஒரு கேள்வி அவனுக்குத் தோன்றியதே இல்லை. "அட, ஆமா! சொல்றது ஒரு வரிசை, வெட்டறது வேற வரிசையாத்தான் இருக்கு."

அவள் மறுபடி தடவினாள். கொம்பு, எழுத்து, கால். 214, ப, 163. கோப்பு கெடவில்லை. அச்சகத்துக்காரர்களும் அண்ணன் செய்கிற வேலையைத்தான் செய்திருந்தார்கள்: ஓசையை எழுதவில்லை, துண்டுகளை இடமிருந்து வலமாக அடுக்கியிருந்தார்கள். இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத் தொட்டுப் பார்த்தாள். சாப்பாடு ஆறிப்போனது.

"உன் பட்டறை மாதிரியேதான் அந்தக் கோப்பு இருக்குண்ணா," என்றாள் கிளம்பும்போது. "அவங்க பூட்டினதை நான் கழட்டி, வாய்க்கு ஏத்த மாதிரி திருப்பிப் பூட்டணும். அவ்வளவுதான்."

அன்று பிற்பகலிலேயே அந்தப் பகுதியை எழுதினாள். கொம்பைக் கண்டால் கையில் எடுத்து வைத்துக்கொள், அடுத்த மெய்யெழுத்தை வெளியே விடு, அதன் பின்னால் கால் நிற்கிறதா என்று பார், நின்றால் இரண்டையும் சேர்த்து ஒகரமாக்கு, இல்லாவிட்டால் எகரத்தை மட்டும் போடு. முப்பது வரி. ஓடவிட்டாள். தேனீக் கையேடு முதன்முறையாகத் தமிழில் வாயைத் திறந்தது.

திறந்த வாய் அடுத்த பக்கத்திலேயே திக்கியது. பூக்களின் மகரந்தத்தைப் பற்றிய இடம். "ம," என்றது திரைவாசிப்பான். ஒரு மூச்சு நிறுத்தியது. "சள் நிறப் பூக்களில் தேனீக்கள்," என்று தொடர்ந்தது. கொஞ்சம் தள்ளி "ப," என்று ஒரு நிறுத்தம். "சு போன்ற மென்மையான," என்றது. கவுண்டர் அக்கா சிரித்த சிரிப்பில் வாசகர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மஞ்சள், பஞ்சு. இரண்டிலும் காணாமல் போனது 'ஞ்'. அவள் நிரல் தயாரித்த அட்டவணையில் அது சரியாகவே இருந்தது: 133. ஒன்றரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். கடைசியில் தன் நிரலை வரி வரியாகக் கேட்டுக்கொண்டு வந்தபோது திருடன் அகப்பட்டான். கோப்பை வரிகளாகப் பிரிப்பதற்குப் பைத்தானில் ஆயத்தமாக ஒரு கட்டளை இருக்கிறது. அது வரி முடியும் குறியை மட்டும் பார்ப்பதில்லை. 133 என்ற எண்ணைக் கண்டாலும் அதையும் ஒரு வகை வரி முடிவு என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடுகிறது. அச்சகத்துக்காரர்கள் அந்த எண்ணில் போய் 'ஞ்'ஐ உட்கார வைத்திருந்தார்கள். கட்டளை மேலும் தப்பில்லை, அச்சகத்தார் மேலும் தப்பில்லை. எண்களாக இருக்கும்போதே வரிகளைப் பிரித்துக்கொண்டு, அதற்குப் பிறகு எழுத்தாக மாற்றும்படி இரண்டே வரியைத் திருத்தினாள். மஞ்சளும் பஞ்சும் முழுசாக வந்து சேர்ந்தன. நாற்காலியில் சாய்ந்து கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். அப்படியே ஐந்து நிமிஷம் ஒன்றும் செய்யாமல் இருந்தாள். அவ்வளவு சுகமாக இருந்தது.

மாதம் முடிய பன்னிரண்டு நாள் இருந்தபோது நிரல் எல்லாப் புத்தகங்களிலும் ஓடியது. கவுண்டர் அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரியே இருக்குடி! ஒரு தப்பும் இல்லை," என்றாள்.

ரேடியோ ஒரு நாவலைத் திறந்து கேட்க ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கத்தில் கதாநாயகி, "மெ, ள, னமாக" நின்றாள்.

"அக்கா, அந்த வார்த்தை என்னன்னு படி."

"மௌனமாக."

"ஒவ்வொரு எழுத்தாப் பாத்துச் சொல்லு."

"ஒரு கொம்பு, ஒரு 'ம', ஒரு 'ள' மாதிரி. மௌ. ஏன், சரியாத்தானே இருக்கு?"

அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணா, மௌனத்துல வர்ற 'மௌ'வை எப்படி வெட்டுவே?"

"கொம்பு, 'ம', அப்புறம் 'ள' அச்சுதான். அதுக்குன்னு தனி அச்செல்லாம் கிடையாது."

"அப்ப மிளகாயைப் பேச்சு வழக்குல மெளகான்னு எழுதச் சொன்னா?"

"அதுவும் கொம்பு, 'ம', 'ள'..." அண்ணன் நிறுத்தினான். "அடேயப்பா. ரெண்டும் ஒண்ணுதான்."

கண்ணுக்கு ஒன்றுதான். காதுக்குத்தான் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். அச்சகம் இரண்டுக்கும் ஒரே எண்களைப் போட்டுவிட்டது. பார்த்துப் படிப்பவருக்குச் சொல்லைக் கண்டதும் தெரிந்துவிடுகிறது, அதனால் அவர் வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை. யூனிகோடிலோ ஔகாரம் வேறு, எகரமும் ளகரமும் வேறு. தப்பாக மாற்றினால் திரையில் எல்லாம் அழகாக இருக்கும், கேட்பவர் மட்டும் தடுக்கி விழுவார். எல்லாவற்றையும் ஔகாரமாக்கிவிடலாம் என்றால் நாவல்களில் வரும் பேச்சு வழக்கு குறுக்கே நின்றது. அங்கே மனிதர்கள் "கெளம்பு" என்றார்கள், "வெளக்கு" என்றார்கள், "வெளயாட்டு" என்றார்கள். விதி ஏதாவது அகப்படுமா என்று இரண்டு நாள் தேடினாள். மௌனமும் மெளகாவும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும்போது விதிக்கு எங்கே போவது?

விதி இல்லையென்றால் காது இருக்கிறது என்று முடிவு செய்தாள். நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களிலிருந்தும் இப்படிச் சந்தேகத்துக்கு இடமான சொற்களை மட்டும் பொறுக்கி எடுக்கச் சொன்னாள். ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று சொற்கள் வந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகவும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கௌரவம், கெளரவம். வௌக்கு, வெளக்கு. சௌகரியம், செளகரியம். எது சரியோ அதன்மேல் ஒரு விசையைத் தட்டினாள். சந்தேகம் வந்த இடத்தில் அந்தச் சொல் இருந்த வாக்கியத்தைக் கேட்டாள். ஆறு நாள் காலையிலிருந்து மாலை வரை இதுதான் வேலை.

"வௌவால், வெளவால், வௌவால், வெளவால்! ராத்திரி தூக்கத்துல எம் புருஷன்கிட்ட இதைத்தான் சொல்றேனாம்," என்று கவுண்டர் அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். "ஹெட்போன் போட்டுக்கோடி, புண்ணியமாப் போகும்."

குழுவின் முன்னால் காட்டவேண்டிய நாள் வந்தது. "நானும் வந்து ஓரமா உக்காந்துக்கறேனே," என்று கேட்ட அண்ணனிடம், "இது என் ஆஃபீஸ். நீ பட்டறையில இரு, நான் போன் பண்றேன்," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். உண்மையில் பயம். தோற்றுவிட்டால் அவன் முன்னால் தோற்கவேண்டாம் என்றிருந்தது.

மாடியில் நீள மேஜை. நூலகர், குழுவிலிருந்து ஒரு வக்கீல், ஒரு பல் டாக்டர், மென்பொருள்காரர், அவள். மென்பொருள்காரர் முதலில் தன் மாதிரியைப் பெரிய திரையில் காட்டினார்.

"பிரமாதம்," என்றார் வக்கீல். "பக்கத்தை அப்படியே அச்சடிச்ச மாதிரி இருக்கே."

"அஞ்சு பேர் உக்காந்து ஒவ்வொரு எழுத்தா சரிபாத்தோம் சார்," என்றார் மென்பொருள்காரர்.

"நான் கொஞ்சம் கேட்டுப் பாக்கலாமா?" என்றாள் ரேடியோ.

"தாராளமா."

அவருடைய கோப்பைத் தன் மடிக்கணினியில் போட்டு, ஒலிபெருக்கியைச் செருகினாள். திரைவாசிப்பான் படித்தது: "அவள் மெ ள னமாக நின்றாள். அவன் கெ ள ரவம் பார்க்காமல் அருகில் வந்தான்."

பல் டாக்டர் திரையைப் பார்த்தார். "அங்கே சரியாத்தானே இருக்கு? மெஷின் ஏன் இப்படிப் படிக்குது?"

"மெஷின் இருக்கறதைத்தான் சார் படிக்குது. உங்க கண்ணு இருக்கவேண்டியதைப் படிச்சிடுது," என்றாள் ரேடியோ. பிறகு நிதானமாக, அந்த இரண்டு உருவமும் ஒன்றாக இருப்பதையும் உள்ளே எண் வேறாக இருக்கவேண்டும் என்பதையும் விளக்கினாள்.

மென்பொருள்காரர் சட்டென்று புரிந்துகொண்டார். கெட்டிக்காரர்தான். "இது ஒரு வரி வேலை மேடம். பத்து நிமிஷம் குடுங்க." தட்டினார். ஓடவிட்டார். "இப்ப கேளுங்க."

திரைவாசிப்பான் படித்தது: "அவள் மௌனமாக நின்றாள். அவன் கௌரவம் பார்க்காமல் அருகில் வந்தான்." மென்பொருள்காரர் பெருமூச்சு விட்டார். திரைவாசிப்பான் நிறுத்தவில்லை: "சீக்கிரம் கௌம்பு என்றான். வௌக்கை அணைச்சிட்டு வா என்றான்."

பல் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். வக்கீல், "என்ன ஊர்க்காரன்யா இவன்?" என்றார். மென்பொருள்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

"இப்ப உங்களோடதைப் போடுங்க," என்றார் நூலகர்.

ரேடியோ போட்டாள். அதே பக்கம். அவள் மௌனமாக நின்றாள். அவன் கௌரவம் பார்க்காமல் வந்தான். சீக்கிரம் கெளம்பு என்றான். வெளக்கை அணைச்சிட்டு வா என்றான். பக்கம் முடிந்தது, அடுத்த பக்கம் போனது, அதற்கடுத்ததும் போனது. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கதையில் அந்தப் பெண் வீட்டை விட்டுப் போவாளா மாட்டாளா என்ற கட்டம். மேஜையைச் சுற்றி ஐந்து பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தியாயம் முடிந்த பிறகுதான் நூலகர் தொண்டையைச் செருமினார்.

"எப்படிம்மா இதைப் பிரிச்சீங்க? விதி என்ன?" என்று மென்பொருள்காரர் கேட்டார். இந்தத் தடவை அவர் குரல் நேராக அவளை நோக்கி வந்தது.

"விதி இல்ல சார். ஆயிரத்து நூத்தி அறுபத்து மூணு வார்த்தையையும் காதால கேட்டுப் பிரிச்சேன்."

"எங்க ஆளுங்க அஞ்சு பேர் ஒரு மாசம் பாத்தாங்க. ஒருத்தர் கண்ணுலயும் இது படலை."

"படாது சார்," என்றாள் ரேடியோ. "இது பாக்கறவங்க செய்யற வேலை இல்ல."

மென்பொருள்காரருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து அவள் பக்கம் வந்து, "அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. மன்னிச்சிடுங்க. கை குடுங்க," என்றார். அவள் கொடுத்தாள். உள்ளங்கை வேர்த்திருந்தது, அவருடையதா தன்னுடையதா என்று தெரியவில்லை.

கீழே இறங்கி வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் தகடு அறுக்கும் சத்தம் காதைக் கிழித்தது.

"அண்ணா, என்னோடதைத்தான் எடுத்துக்கிட்டாங்க!"

"என்ன? கேக்கலை, இரு." இயந்திரம் நின்றது. "இப்ப சொல்லு."

"என் நிரலைத்தான் எடுத்துக்கிட்டாங்க. நானூத்திப் பன்னெண்டு புத்தகமும் அதுலதான் மாறப்போகுது."

மறுமுனையில் தகட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணன் சொன்னான்: "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள்.

"இரு, ஸ்பீக்கர்ல போடறேன். இங்க மூணு கஸ்டமர் நிக்கறாங்க. இன்னொரு தடவை சொல்லு. மெதுவா."

"அண்ணா!"

"சொல்லுடி. எந் தங்கச்சி சொல்றதைக் கேட்டுட்டுப் போகட்டும்."

அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, விண்ணில் பறப்பது போலவும் இருந்தது. மூன்றாவது தடவையும் சொன்னாள். யாரோ முன்பின் தெரியாத ஒரு வாடிக்கையாளர், "ரொம்ப சந்தோஷம்மா," என்றது தூரத்தில் கேட்டது.

புத்தகங்கள் அத்தனையும் மாறுவதற்குப் பத்தொன்பது நிமிஷம் ஆனது. அந்த வாரத்திலேயே ஒலிப்பிரிவின் நாற்காலிகள் போதாமல் போய், படிப்பறையிலிருந்து நாலு நாற்காலி இரவல் வாங்கவேண்டி வந்தது. மோட்டார் பழுது பார்க்கும் புத்தகத்துக்கு மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், தன் வாழ்க்கையில் ஒரே வாரத்தில் நாலு நாவல் படித்தது இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டு, மூன்றாவது நாவலில் ஒரு சொல் இடறுவதாகவும் குறிப்பிட்டார். 'யௌவனம்' என்ற சொல். ரேடியோ போய்ப் பார்த்தாள். ஆறாம் நாள் மாலை அலுப்பில் விசையை மாற்றித் தட்டியிருந்தாள். திருத்தினாள். தன் தப்பு வெளியே தெரிந்ததில் அவளுக்கு வருத்தமே இல்லை. ஒரு மனிதர் அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கிறாரே!

ஒரு மாதம் கழித்து மென்பொருள்காரர் மறுபடி வந்தார். வேறு இரண்டு நகரங்களின் நூலகங்களிலும் இதே மாதிரி பழைய கோப்புகள் கிடக்கின்றன, எழுத்துருதான் வேறு, அவளுடைய நிரலையும் சொற்பட்டியலையும் கொண்டுபோகலாமா என்று கேட்டார். நூலகர் முடிவை அவளிடமே விட்டார்.

"கொண்டு போங்க," என்றாள் ரேடியோ. "ஆனா ஒண்ணு. பட்டியல்ல இல்லாத வார்த்தை எது வந்தாலும் எனக்குத்தான் அனுப்பணும். உங்க ஆளுங்க கண்ணால பாத்து முடிவு பண்ணக்கூடாது."

"உத்தரவும்மா," என்றார் அவர். அதில் கேலி இல்லை.

அதிலிருந்து காலையில் கணினியைத் திறந்ததும் அவளுடைய முதல் வேலை மென்பொருள்காரரின் ஆட்கள் அனுப்பும் கடிதங்கள்தான். சில நாள் ஒன்றுமே இருக்காது. சில நாள் ஏழெட்டுச் சொற்கள் வந்து நிற்கும், ஒவ்வொன்றும் தன் வாக்கியத்தோடு. அன்று ஒரே ஒரு சொல் வந்திருந்தது. இரண்டு விதமாகவும் படிக்கச் சொன்னாள். கௌதாரி, கெளதாரி. புதருக்குள்ளிருந்து அது படபடவென்று எழுந்து பறந்தது என்று மீதி வாக்கியம் சொன்னது. சந்தேகத்துக்கே இடமில்லை, ஆனாலும் இன்னொரு தடவை கேட்டாள். விசையைத் தட்டினாள். பட்டியலில் ஆயிரத்து இருநூற்று ஒன்பதாவது சொல்லாக அது போய் உட்கார்ந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "அக்கா, டீ வந்துடுச்சா?" என்று குரல் கொடுத்தாள்.